எங்கள் கப்பலின் ஒரே பயணம்

கடல்வழிக் கல்வியின் வரலாற்றை எங்கள் பயிற்சிக் கப்பலை விட்டுவிட்டு எவராலும் எழுத முடியாது. எழுதினால் யாருக்கும் எதுவும் குறையாது என்பது வேறு விஷயம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் கப்பலின் கேப்டன் நான்தான்.

முதல் அத்தியாயம் ஜோராக வந்தது. சிமெண்ட் மூட்டை சுமந்த கப்பல்; உழைத்து ஓய்ந்ததும் எங்கள் கல்லூரி வாங்கித் துறைமேடையில் கட்டிப்போட்டது. இரண்டாம் அத்தியாயத்தில் கட்டிய இடத்திலேயே நின்றது. மூன்றிலும் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறதென்று மாணவர்களுக்குக் காட்ட இன்ஜினை நெடுக்காக அறுத்து வைத்திருந்தோம். அதற்குப் பிறகு எங்கே போவது?

கல்லூரி முதல்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கப்பல் வரலாறுங்கிறீங்க, ஒரு பயணம்கூட இல்லையே? இதை எப்படிங்க அச்சுக்கு அனுப்புறது?"

புத்தகம் வராவிட்டால் எனக்கு வீட்டில் மானம் போய்விடும். மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரே கேள்விதான்: "மாப்ள, இன்னைக்குக் கப்பல் எதுவரைக்கும் போச்சு?" அந்த மச்சானின் மூக்குக்கு முன்னால் ஒரு பயணத்தை அச்சடித்து நீட்ட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இழுவைப்படகு ஒன்றை ஏற்பாடு செய்தேன். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று. கடைசி அத்தியாயம் கிடைத்துவிடும். மனைவியையும் மச்சானையும் வரவழைத்துத் துறைமேடையில் முன்வரிசையில் நிறுத்தினேன்.

வெள்ளைச் சீருடையில் மேல்தளத்தில் ஏறி, "கயிற்றை அவிழ்!" என்றேன். வகுப்பில் வாய் வலிக்கச் சொன்னதுதான். கயிறு நிஜமாகவே அவிழ்ந்ததும் எனக்குப் பகீரென்றது. முன்னால் படகு உறுமியது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு எங்கள் பக்கவாட்டில் பின்னோக்கி விரைந்தது. ஆகா, போகிறோம்! தொப்பியைக் கழற்றி வீசி வீசி விடைபெற்றேன். வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். சுக்கான் பிடித்திருந்த மாணவன் சக்கரத்தைத் திருப்பினான். நுரையைப் பார்க்கப் பார்க்கத் தலை கிறுகிறுத்தது. நடுக்கடல் என்றால் சும்மாவா?

"என்னங்க, யாருக்கு டாட்டா காட்டுறீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்?"

மனைவியின் குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. நிமிர்ந்தேன். அவளும் மச்சானும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாங்களும்தான். ஓடியது படகு கிளப்பிய நுரை மட்டும்.

படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தினார்: "சார், கப்பல் சேத்துல உக்காந்து எத்தனை வருஷமாச்சோ! இதை இழுக்க முடியாது. வேணும்னா சுத்திச் செடி வைங்க!"

மச்சான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். "மாப்ள! இதுக்கு வீட்டு வரி யாரு கட்டுறா?"

பதில் சொல்ல எனக்கு வாய் ஒழியவில்லை. அசையாத கப்பலில் நின்றபடி தொப்பிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.