அட்டைக்காரனுக்குப் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ட்ரீனா பிக்கெட் உள்ளே வந்தாள். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற வில்டாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டு நிறைய பரிமாறுகிற ட்ரீனாவுக்கு இடுப்பு வரை முடி இருந்தது. இப்போது காதுக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தாள். பிடித்து இழுக்க எதுவும் மிஞ்சக் கூடாது என்று வெட்டியிருக்கிறாள் என்பது வில்டாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

"மிஸ் வில்டா, எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும். சின்னதா. பைக்குள்ள அடங்குற மாதிரி."

"முன்னாடி சுட்டிருக்கியாம்மா?"

"எங்கப்பா வேலி மேல பீன்ஸ் டப்பாவை வச்சு சுடச் சொல்லுவார். டப்பாவைத்தான் சுட்டிருக்கேன்."

"அட்டை இருக்கா?"

"எனக்கெதுக்கு அட்டை? உருளைக்கிழங்கு மசிக்கிறதுக்கா?"

அட்டை என்றால் ஷெரிஃப் அலுவலகம் தரும் அனுமதி அட்டை. அது இருப்பவன் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சந்தைக்கும் போகலாம், மாமியார் வீட்டு விருந்துக்கும் போகலாம். இந்தக் கரோலினா மலைப்பக்கத்தில் பாதி ஆண்களின் பர்ஸில் அது இருக்கிறது. அதில் இன்னொரு சலுகையும் உண்டு. அட்டைக்காரன் புதிதாகத் துப்பாக்கி வாங்க வந்தால், அவன் பின்னணியை விசாரிக்க யாருக்கும் ஃபோன் போட வேண்டியதில்லை. அட்டை கொடுக்கும்போதே ஒரு தடவை விசாரித்தாயிற்றாம். ஆகவே அவன் ஐந்து வருடத்துக்கு யோக்கியன். ஐந்து வருடத்தில் ஒரு மனிதன் என்னவெல்லாம் ஆவான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் எவருக்கும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

ட்ரீனாவுக்கு அட்டை இல்லை. அதனால் நீளமான படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். ஒரு கேள்விக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, சிரிப்பே இல்லாத ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"மனைவியையோ பிள்ளையையோ மிரட்டக் கூடாதுன்னு கோர்ட்டு உங்களுக்கு உத்தரவு போட்டிருக்கான்னு கேக்குது. இதை எங்க வீட்டு மகாராசன்கிட்டல்ல கேக்கணும்."

வில்டாவும் பேச்சுக்குச் சிரித்து வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்து மத்திய அரசின் எண்ணைக் கூப்பிட்டு, பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் சொன்னாள். காத்திருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் ஃபோனில் பியானோ இசை ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, "தாமதம்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டது. ஏன் என்று சொல்ல மாட்டார்கள். அது வழக்கமில்லை.

"தாமதம்னா?"

"மூணு வேலைநாள் பொறுக்கணும். இன்னைக்குக் கணக்கில்ல. சனி, ஞாயிறு கணக்கில்ல. அடுத்த வியாழக்கிழமை வா."

ட்ரீனாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் என்ன செஞ்சேன்? வாழ்க்கையில ஒரு தடவை வேகமா ஓட்டினதுக்கு அபராதம் கட்டியிருக்கேன். அதுவும் பள்ளிக்கூடத்துக்கு முட்டை ஏத்திட்டுப் போனப்ப. வியாழக்கிழமை வரைக்கும் என்ன செய்யறது? தங்கச்சி வீட்டுக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கேன், மிஸ் வில்டா. இதைப் பாருங்க."

கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கோர்ட்டு முத்திரை. நீதிபதி கையெழுத்து. போன வாரம் வியாழக்கிழமை தேதி. மனைவி ட்ரீனாவின் கையை உடைத்த கார்லண்ட் பிக்கெட் இனி அவளை நெருங்கக் கூடாது. வீட்டிலிருக்கும் துப்பாக்கிகள் அனைத்தையும் ஷெரிஃப்பிடம் ஒப்படைக்க வேண்டும். புதிதாக வாங்கக் கூடாது. அனுமதி அட்டையையும் ஒப்படைக்க வேண்டும்.

கடைசி வரியை வில்டா இரண்டு தடவை படித்தாள். காகிதத்தைத் துப்பாக்கிகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமைதான் கார்லண்ட் இந்தக் கடைக்கு வந்திருந்தான். ட்ரீனா நிற்கும் இதே இடத்தில் நின்றான். துப்பாக்கி வாங்க வருகிறவன் வாயை மூடிக்கொண்டு வாங்கியதாக வில்டாவின் பதினேழு வருட அனுபவத்தில் கிடையாது. எடை பார்ப்பான், கையில் ஏந்திச் சுவரைக் குறிபார்ப்பான், தாத்தாவின் துப்பாக்கிக் கதையைச் சொல்வான், அரை மணி நேரம் கழுத்தை அறுப்பான், அதன் பிறகுதான் பர்ஸை எடுப்பான். கார்லண்ட் எதையும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் முதல் வரிசையில் இருந்ததைக் காட்டி, "அது. தோட்டா ஒரு பெட்டி" என்றான். அட்டையைப் போட்டான். படிவத்தில் எல்லாவற்றுக்கும் கடகடவென்று 'இல்லை' போட்டான். பத்து நிமிடத்தில் போய்விட்டான்.

வில்டா அதைக் கவனிக்காமல் இல்லை. நன்றாகக் கவனித்தாள். ஃபோன் பக்கம் ஒரு தடவை கண் போனது கூட நினைவிருக்கிறது. போன வருடம் ஒரு அட்டைக்காரனின் பேச்சு பிடிக்காமல் அவள் ஃபோன் போட்டு விசாரித்ததற்கு, முதலாளி ஹார்மன் எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு ரசீது போட்டாள். நல்லபடியாகப் போய் வரச் சொன்னாள்.

"ட்ரீனா, ரெண்டு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

ஹார்மன் பன் மாதிரி மெத்தென்றிருந்த அந்த ஊர் பிஸ்கட்டைப் பிய்த்து இறைச்சிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதால் அவர்களுக்குள் மரியாதைப் பேச்சு கிடையாது. வில்டா இரும்பு அலமாரியைத் திறந்து திங்கட்கிழமைப் படிவத்தை உருவினாள். அட்டையின் நகல் அதோடு பின் போட்டிருந்தது.

"கார்லண்ட் மேல உத்தரவு இருக்கு, ஹார்மன். நாம வித்ததுக்கு நாலு நாள் முன்னாடி போட்டது. ஒரே ஒரு ஃபோன் போட்டிருந்தா அவன் பேர் அங்க வந்து நின்னிருக்கும்."

ஹார்மன் விரலை நக்கினான். "அட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தேதி முடியலையே?"

"முடியல."

"அப்ப நம்ம மேல தப்பில்ல. 'இல்லை'ன்னு போட்டது அவன். பொய் சொன்னது அவன். நாம என்ன ஜோசியமா பார்க்கிறோம்? அதை எடுத்த இடத்துல வை."

"வெளியே அவன் பொண்டாட்டி நிக்கிறா. அவளுக்கு மூணு நாள் தாமதமாம். அவனுக்குப் பத்து நிமிஷம். உனக்குக் கூசலையா?"

"சட்டத்தை நானா எழுதினேன்? வில்டா, நல்லதுக்குச் சொல்றேன். அந்தக் காகிதம் இந்தக் கதவைத் தாண்டினா நீ திரும்ப இதுக்குள்ள வராதே."

"குழம்பு ஆறுது. சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, படிவத்தைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

ட்ரீனாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. "அந்த உத்தரவை எடுத்துக்கிட்டு என்கூட வா" என்று மட்டும் சொன்னாள். கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நடந்துபோக ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் சொல்லாமல் நடையை எட்டிப் போட்டாள். கோபம் இருந்த அளவுக்கு அவளிடம் தைரியம் இல்லை.

உள்ளே மேஜையில் டேல் இருந்தான். கார்லண்டோடு சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறவன். ட்ரீனாவைப் பார்த்ததும் கண்ணைக் கணினிக்குள் ஒளித்துக்கொண்டான்.

"டேல், இந்த உத்தரவைக் கார்லண்ட் கையில கொடுத்தது யாரு?" என்று கேட்டாள் வில்டா.

"நான்தான், மிஸ் வில்டா. அன்னைக்கே போயிட்டேன். மான் வேட்டைத் துப்பாக்கி ரெண்டும் வாங்கிட்டு வந்தாச்சு. உள்ள பத்திரமா இருக்கு."

"அட்டை?"

"அட்டை வேற மேஜைங்க."

"எந்த மேஜை?"

டேல் பக்கத்து மேஜையைக் காட்டினான். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆள் இல்லை. ஒரு செடி மட்டும் வாடி நின்றது.

"அவங்க லெட்டர் போட்டாச்சு. அட்டையைப் பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பணும்னு."

"எப்படி அனுப்பணும்?"

"தபால்லதான்."

"பொண்டாட்டி கையை உடைச்சவன் தபால் தலை ஒட்டி அட்டையை அனுப்பி வைப்பான்னு இந்த ஆபீஸ்ல இத்தனை பேர் உட்கார்ந்து காத்திருக்கீங்க."

"இன்னும் நாள் இருக்கு, மிஸ் வில்டா. கார்லண்ட் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. கொஞ்சம் கோபக்காரன். ஆற விட்டா சரியாயிடுவான்."

ட்ரீனா இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் தள்ளி, உடைந்து கோணலாகக் கூடிய எலும்பைக் காட்டினாள். டேல் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தவன் போல, இருந்த பேனாக்களை வரிசைப்படுத்தினான். இப்படிப் பூசி மெழுகியே இந்த ஊரில் எத்தனை பெண்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று வில்டாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கார்லண்ட் மேல் புகார் கொடுத்தால் இவன் அதையும் இன்னொரு மேஜைக்குத் தள்ளுவான். தள்ள முடியாதபடி ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவன் பேனாக்களின் மேல் வைத்தாள்.

"புகார் எழுது, டேல். கார்லண்ட் மேல இல்ல. என் மேல. வில்டா கிரிக், வயசு ஐம்பத்தெட்டு. விக்கக் கூடாத ஆளுக்குத் திங்கட்கிழமை துப்பாக்கி வித்தவ. துப்பாக்கியோட எண் அதுலயே இருக்கு. கையெழுத்தும் என்னுது."

ட்ரீனா மெல்லத் திரும்பி வில்டாவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பாமல் வில்டா டேலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க" என்றான் டேல், குரல் இறங்கி.

"எழுதுறியா, இல்ல தெருவைத் தாண்டி அந்த நீதிபதிகிட்டயே போய்ச் சொல்லட்டுமா? கையெழுத்துப் போட்டவர் இன்னைக்கு உட்கார்ந்திருக்கார். நீ அட்டையை வாங்காம வந்ததையும் சேர்த்துச் சொல்லுவேன்."

டேல் பேனாவை எடுத்தான். பெயரை எழுதினான். தேதியை எழுதினான். துப்பாக்கியின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக எழுதினான். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"இப்ப அது எங்க இருக்குன்னு கேக்குது."

"கேக்குதில்ல? போய்ப் பார்த்துட்டு வந்து எழுது."

டேல் எழுந்து சாவியை எடுத்தான். உள்ளே இருந்த இன்னொருவனையும் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. ட்ரீனா அதன் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். வில்டா பக்கத்தில் உட்காரப் போனபோது தன் கைப்பையை எடுத்து நடுவில் வைத்தாள். வில்டா மறு கோடிக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காபி வேண்டுமா என்று வில்டா ஒரு தடவை கேட்டாள். ட்ரீனா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை போனதைப் பற்றி அவளுக்குக் கவலையாகவே இல்லை. ஜெயிலைப் பற்றிக் கூட அவ்வளவாக இல்லை. அந்தப் பை நடுவில் இருப்பதுதான் பொறுக்கவில்லை.

டேல் திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் துப்பாக்கி. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை கூட இன்னும் போகவில்லை. காலையில் பூசி மெழுகிய முகம் இப்போது வெளிறிப் போயிருந்தது.

"கார்லண்ட் வெளியே வண்டியில இருக்கான். உள்ள வைக்கப் போறோம்" என்றான். பிறகு போக மனமில்லாமல் நின்றான்.

"எங்க இருந்தான்?" என்று கேட்டாள் ட்ரீனா.

"பர்ச் தெரு."

"பர்ச் தெருவுல எங்க?"

"உங்க தங்கச்சி வீட்டுக்கு எதிர்ல. வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தான்." டேல் பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தான். "மடியில வச்சிருந்தான். காலையில இருந்தே அங்கதான் நிக்கிறான்னு எதிர்வீட்டுக்காரர் சொல்றார். நீங்க பின்வாசல் வழியா வெளிய வந்தது அவனுக்குத் தெரியல போல."

ட்ரீனா கண்ணை மூடித் திறந்தாள். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து வில்டாவுக்கு நேர் எதிரே நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று வில்டா ஒரு கணம் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்காக உடனே தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு என் பேரைச் சொல்லிக் கால் மணி நேரம் ஃபோனைப் பிடிச்சுட்டு நின்னீங்க, மிஸ் வில்டா."

"ஆமா."

"திங்கட்கிழமையும் அந்த ஃபோன் அங்கேயேதானே இருந்துச்சு?"

"கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றாள் வில்டா.