கையால் ஊற்றிய நான்கு வரிசைகள்

2001 ஜூன் 11, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தக்காளித் தோட்டத்தில் மாரிச்சாமியின் இடது முன்கை முறிந்தது. அடித்தவர் அவனுடைய அக்கா மரகதத்தின் கணவர் வேலுசாமி. அடித்தது, மருந்து தெளிப்பானின் பித்தளைக் குழாயால்.

முக்கால் ஏக்கர் நிலம் மரகதத்தின் பெயரில் இருந்தது. அவளுடைய அப்பா முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து வாங்கியது. பச்சைத் தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பறிக்கிற கூலிக்கே இலை கட்டுப்படியாகவில்லை. விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடலாம் என்றார் வேலுசாமி. அவள் மாட்டேன் என்றாள். பொங்கலுக்கு முந்தின வாரம் விற்பனைப் பத்திரத்தை அவள் முன்னால் போட்டுக் கையெழுத்துக்காக அடித்தார். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. கையெழுத்து மட்டும் விழவில்லை.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு போகம் தக்காளி. கருகல் நோயில் செடி போனால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நின்றால் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"மழை புடிச்சா பத்து நாள் தாங்காது பாரு," என்றார் வேலுசாமி.

மரகதம் கோத்தகிரியில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் சூடோமோனாஸ் பொடி வாங்கி வந்தாள். அது விஷமில்லை, உயிருள்ள பாக்டீரியா. வேரிலும் இலையிலும் குடியேறிவிட்டால், நோய் வருமுன்பே செடி தன் எதிர்ப்பைத் தயார் செய்துகொள்ளும். நோய் வந்த பிறகு ஊற்றிப் பயனில்லை.

"முன்னாடியே லேசா உசுப்பி உட்டா, அப்புறம் அதே எதுத்து நிக்குமுங்க," என்று விளக்கினாள்.

"உன்னையுந்தான் பதினெட்டு வருசமா உசுப்பி உடறேன்," என்றார் அவர்.

மொத்தம் இருபது வரிசை. பதினாறு வரிசைக்கு வேலுசாமி பொடியைக் கரைத்துத் தெளிப்பானில் அடித்தார். மேல்கோடி நான்கு வரிசையும் செங்குத்தான இடம். டேங்கைச் சுமந்து ஏற அவருடைய வலது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அங்கே மரகதம் வாளியும் குவளையுமாக ஏறி, செடி செடியாகத் தூரில் ஊற்றி, இலைமேல் கையால் விசிறிவிட்டாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை.

ஜூன் பிறந்ததும் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து இறங்கின. அந்தத் திங்கட்கிழமை மரகதம் தோட்டத்துக்கு வந்தபோது பதினாறு வரிசையும் வெந்நீர் ஊற்றியதுபோலத் தொங்கிக் கறுத்திருந்தன. மேல்கோடி நான்கில் அங்கங்கே ஓரிரு இலை கருகியிருந்ததோடு சரி.

வேலுசாமி சட்டைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்தார். "போச்சல்லோ? மத்தியானம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கெளம்பு."

மாரிச்சாமி ஒரு எஸ்டேட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன். எஸ்டேட்டை மூடியதிலிருந்து அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அவன் தெளிப்பானின் மூடியைத் திருகி உள்ளே பார்த்தான்.

"மாமா, இதக் கழுவுனீங்களா?"

"எதுக்குக் கழுவோணும்? மருந்துதானடா ஊத்துனேன்."

"தேயிலைக் கொப்புள நோய்க்குப் பத்து வருசம் காப்பர் மருந்து அடிச்ச டேங்க்குங்க இது. உள்ளார நீலமாப் பாறையாட்டம் ஒட்டியிருக்குது. அக்கா உசுரோட வாங்கிட்டு வந்ததையெல்லாம் காப்பர்ல கொன்னு தெளிச்சிருக்கீங்க. மூணு தடவையும் பொணந்தான் தூக்கியிருக்கீங்க மாமா." அவன் சிரித்தான்.

முதல் அடியைத் தடுக்கத்தான் கையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் மரகதத்தின் வலது காதில் தெளிவாக விழுந்தது. இரண்டாவது அடி தோளில். விழுந்தவனின் விலாவில் வேலுசாமி இரண்டு முறை உதைத்தார். பிறகு குழாயைப் போட்டுவிட்டு, கொட்டகையிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மேல்கோடிக்கு நொண்டி நொண்டி ஏறினார்.

"நின்னாத்தானே பேச்சு? எது நிக்குதுன்னு பாக்கறேன்."

தேயிலைத் தண்டை வெட்டும் கத்திக்குத் தக்காளித் தண்டு எம்மாத்திரம். முதல் வரிசை நிமிடத்தில் சாய்ந்தது. இரண்டாவதில் மரகதம் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கத்திப்பிடி அவள் வாயில் இறங்கியது. பல் இரண்டைத் துப்பிவிட்டு அவள் எழுந்தபோது மூன்றாவது வரிசையும் முடிந்திருந்தது. அவர் நான்காவதில் இருந்தார்.

"ஏனுங்க, உட்ருங்க. நாலாவதயாவது உட்ருங்க."

"பத்திரத்துல போடறயா?"

அவள் வெட்டுப்பட்ட செடிக்கு ஊன்றியிருந்த மூங்கில் குச்சியை இரு கையாலும் பிடுங்கி அவருடைய வலது முழங்காலில் அடித்தாள். அவர் மடங்கி விழுந்தார். கத்தி கையில்தான் இருந்தது. மணிக்கட்டில் அடித்தாள். குச்சி பிளந்தது, பிளந்த குச்சியாலேயே மறுபடி அடித்தாள். நான்காவது அடியில் கத்தி விழுந்தது. அதன் பிறகும் மூன்று அடி அடித்தாள்.

"அக்கா, போதும்," என்று கீழேயிருந்து மாரிச்சாமி முனகினான்.

கத்தியைப் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைப் புதருக்குள் வீசிவிட்டு, தம்பியைத் தாங்கிக்கொண்டு அவள் ரோட்டுக்கு ஏறினாள். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவள்மேல் வேலுசாமியும் ஒரு புகார் கொடுத்தார். வேலுசாமி ரிமாண்டில் பதினைந்து நாள் இருந்தார். அவளுக்கு ஜாமீன் கிடைத்தது.

நான்காவது வரிசையில் முப்பத்தோரு செடி மிஞ்சியது. ஜூலை கடைசியில் அவற்றிலிருந்து ஏழு கூடை தக்காளி பறித்தார்கள். நிலம் மரகதத்தின் பெயரிலேயே இருக்கிறது.