அடிக் காயில்

“ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. அதக் கழட்டினா கையோட வந்துடும். இதுக்குப் போய் மெக்கானிக்கக் கூப்பிடணுமா?”

“ரெண்டே ரெண்டு ஸ்க்ரூன்னு சொல்லித்தான் அயர்ன் பாக்ஸையும் பிரிச்சீங்க,” என்றது பக்கத்து அறைக் குரல். “அது இன்னும் அலமாரி மேல பொட்டலமா இருக்கு.”

ஓவனுக்குள் தோள்வரை நுழைந்திருந்தவர் அத்தான். பக்கத்து அறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி, அதாவது அக்கா. இருவருக்கும் நடுவில், சமையலறை வாசலில், முழங்கைவரை மாவை அப்பிக்கொண்டு நின்றவள் அக்காவின் தங்கை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்த வீட்டில் அவளுக்குச் ‘சின்னவள்’ என்றுதான் பெயர்.

காலையில் ஓவனைச் சூடாகப் போட்டபோது உள்ளே நீலமாக ஒரு மின்னல் வெட்டி, சீறி, அடங்கியிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால், அடியில் இருந்து சூடு தருகிற காயில், அந்த வளைந்த கம்பிக் குழாய், வளைகிற இடத்தில் கொப்புளம் போல வெடித்து, உள்ளேயிருந்த வெள்ளைத் தூள் தட்டில் சிந்திக் கிடந்தது. அத்தான் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போய் எலக்ட்ரிக்கல் கடையில் அதே அளவில் புதுக் காயில் ஒன்று வாங்கி வந்துவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

மேஜை மேல் அகலமான பேசினில், ஈரத் துணிக்கு அடியில், மாவு கிடந்தது. மாவுக்கு மனிதர்களின் சங்கடம் எங்கே தெரியும்? அது தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு பெருத்தது. சின்னவள் துணியைத் தூக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது அடுப்புக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் பொங்கி, புளித்து, தளர்ந்து, ஒன்றுக்கும் உதவாது.

அத்தானைப் பொறுத்தவரை அது ஒரு தோழி வீட்டுக்குக் கொண்டுபோகிற ரொட்டி. உண்மை அக்காவுக்கு மட்டும் தெரியும். மூன்று தெரு தள்ளி இருக்கிற பேக்கரியில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே சேர வருகிறவர்களிடம் பேக்கரிக்காரம்மா படிப்பையும் கேட்பதில்லை, அனுபவத்தையும் கேட்பதில்லை. உன் வீட்டு அடுப்பில் நீயே சுட்ட ரொட்டி ஒன்று கொண்டு வா என்பாள். கடையில் இருக்கிற பெரிய அடுப்பில் கழுதைகூட ரொட்டி சுட்டுவிடும், கோணல் அடுப்போடு மல்லுக்கட்டத் தெரிந்தவள்தான் எனக்கு வேண்டும் என்பது அவள் கட்சி. போன வாரம் சின்னவள் கொண்டுபோன ரொட்டியை அவள் குப்புறத் திருப்பி, கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள்.

“மேல பாத்தா மகாராணி. அடி வேகல,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் காயில் அப்போதே சாகக் கிடந்திருக்கிறது என்பது சின்னவளுக்கு இன்று காலைதான் புரிந்தது. இன்னும் ஒரு தடவை வரலாம், சனிக்கிழமை கடை மூடுவதற்குள், அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன், வேறு ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்தம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று சனிக்கிழமை. மதியம் தாண்டிவிட்டது.

அத்தானிடம் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சின்னவள் அதே கம்பெனியில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். மேனேஜர் அறை வாசலில் பல நாள் நின்று, சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்து வாங்கினார். நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஆள் கிளம்பிவிட்டார், பதறாதீர்கள் என்று சொல்வது அவள் வேலை. ஆள் பெரும்பாலும் கிளம்பியிருக்க மாட்டார். ஒருமுறை இருட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர், ஏதாவது பேசிக்கொண்டே இரும்மா என்று கெஞ்சியபோது, மாவு பிசைவது எப்படி என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொண்டே போனாள். அவர் வெளியே வந்த பிறகும் போனை வைக்காமல், அப்புறம் என்ன செய்வது என்று கேட்டார். அதற்காக அவளுக்கு எச்சரிக்கை வந்தது. அன்று ராத்திரிதான் அவளுக்குத் தன் மனசு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தது.

முதல் ஸ்க்ரூ அசையவில்லை. அத்தான் எண்ணெய் விட்டார், தட்டினார், கோபித்துக்கொண்டார். கடைசியில் அது கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது. இரண்டாவது சுலபமாக வந்தது. மெயின் சுவிட்சை அணைச்சாச்சு இல்ல என்று அக்கா தையல் மிஷினிலிருந்தே நினைவூட்டினாள். மிஷின் ஓடல, தெரியலையா என்றார் அத்தான். அப்போதுதான் அக்கா, தான் இவ்வளவு நேரமாகக் கையால் தைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிக் காட்டினாள்.

காயிலின் இரண்டு முனைகளும் ஓவனின் பின்சுவரில் இரண்டு ஓட்டைகள் வழியாக அந்தப் பக்கம் போய், அங்கே வயர்களின் கிளிப்பில் செருகியிருந்தன. மெதுவாக இழுத்தால் வயரும் கூடவே முன்னால் வரும். முன்னால் வந்ததும் வயரை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக வேண்டும். கடைக்காரர் இதை அத்தானிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் அத்தானுக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி ஒரே இழுப்பு இழுத்தார். பழைய காயில் கையோடு வந்தது. வயர்கள் இரண்டும் ஓட்டைக்குள் சுருக்கென்று பின்வாங்கி மறைந்தன.

அத்தான் குனிந்து அந்த ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன அத்தான்?”

“ஒண்ணும் இல்ல. உள்ள போயிடுச்சு. எடுத்துடலாம்.”

எடுப்பதற்கு அக்காவின் பின்னல் ஊசி வந்தது. அது போதவில்லை. துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கி, அதை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். தகரம் தகரத்தோடு உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. சின்னவள் டார்ச் பிடித்தாள். அவள் பிடித்த பக்கம் அவர் தலை வந்தது, தலை வராத பக்கம் வெளிச்சம் எட்டவில்லை. ஒரு வயர் கொக்கியில் மாட்டி, வெளியே எட்டிப் பார்த்து, பிடிக்கப் போனதும் திரும்பவும் உள்ளே ஓடியது. அக்கா ஒருமுறை எழுந்து வந்து பார்த்துவிட்டு, குளத்துல மீன் இருக்கான்னு முதல்ல பாத்துக்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். அத்தான் கழுத்துப் பின்னால் வேர்வை ஓடியது.

மாவு பேசின் விளிம்பைத் தொட்டுவிட்டது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் குத்தி அடக்கினாள். கை பட்டதும் அது பெருமூச்சு விட்டு அமுங்கியது. இப்படி ஒருமுறை அடக்கலாம். மறுபடியும் எழும், ஆனால் முன்னைப்போல அந்தத் தெம்பு இருக்காது. நடுவழியில் நின்றுபோன ரயிலுக்குள் ஏதோ ஒரு பயணி இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாம் தயார். ரயில் மட்டும் நகரவில்லை.

இனி ஓவனையே வெளியே இழுத்துப் பின்பக்கம் போக வேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது. அதைச் சொன்னாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த ஓவன் சமையல் மேடைக்குக் கீழே ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. எறும்பு உள்ளே போகிறது என்று அக்கா ஒருநாள் புலம்பியதற்காக, அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து அதைச் சுற்றி மரச்சட்டம் அடித்திருந்தார். வழவழவென்று இழைத்து, வார்னிஷ் பூசி, நாலு மூலையும் நூல் பிடித்தாற்போல் சேர்த்திருந்தார். வந்தவர்கள் போனவர்களையெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஆணி தெரியக் கூடாது என்று அதை ஒட்டியதோ, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பசை. லிஃப்டின் தரையை ஒட்டுகிற பசை. நூறு பேர் மிதித்தாலும் பெயராது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. ஓவனை என்றைக்காவது வெளியே எடுக்க வேண்டிவரும் என்று அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தான் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பசையை இளக்க ஒரு திரவம் ஸ்டோரில் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டு வருகிறேன், சட்டம் அப்படியே முழுசாக வந்துவிடும், ஒரு ரொட்டிக்காக இப்போதே உடைக்க வேண்டுமா என்றார். தோழியிடம் போன் போட்டுச் சொல்லிவிடு, கடையில் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. மாவுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினாள். பேக்கரி, கட்டைவிரல், சனிக்கிழமை, எல்லாம். தையல் அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப தோழி வீடுன்னு சொன்னது?”

“பொய், அத்தான்.”

“மேனேஜர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? எம்பொறுப்புன்னு சொல்லி உன்னச் சேத்தேன்.” அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். “அந்த வேலைல அப்படி என்ன குறை?”

“தெனமும் பொய் சொல்றேன் அத்தான். ஆள் கிளம்பியாச்சுன்னு. அவங்க நம்பறாங்க.”

அக்கா வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எப்போதும் போல ஏதாவது குத்தலாகச் சொல்லப் போகிறாள் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒரு சுத்தியலையும் உளியையும் மட்டும் மேடை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அத்தான் சட்டத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு உளியை மூலையில் வைத்து அடித்தார். பசை அவர் சொன்னபடியேதான் இருந்தது. மரம் பிளந்ததே தவிர, ஒட்டு விடவில்லை. சில்லு சில்லாகச் செதுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வார்னிஷ் துண்டுகள் தரையெல்லாம் சிதறின. ஒவ்வொரு அடிக்கும் அவர் கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டதைச் சின்னவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்ததும் ஓவன் தரையை உரசிக்கொண்டு வெளியே வந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், அத்தனை நேரம் தண்ணி காட்டிய வயர்கள் இரண்டும் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தன. புதுக் காயிலைச் செருகி, கிளிப்பை அழுத்தி, தகட்டை மூடி, மெயினைப் போட்டார்கள். ஓவன் முனகியது. கதவுக் கண்ணாடி வழியாக அடிக் காயில் மெல்ல மெல்லச் செம்மையேறுவதைச் சின்னவள் மண்டியிட்டுப் பார்த்தாள்.  ஓடிப்போய் மாவை எடுத்து உருட்டித் தகர அச்சில் போட்டாள்.

அதை அடுப்புக்குள் வைப்பதற்குள் டக்கென்று எல்லாம் நின்றது. மின்விசிறி, தையல் மிஷின், ஓவன், எல்லாம்.

மெயினை மறுபடி போட்டார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை சுவிட்ச் நிற்கவே மாட்டேன் என்றது. அத்தான் தகட்டைத் திரும்பக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். வயரின் மேலிருந்த துணியுறை ஓரிடத்தில் கிழிந்து, உள்ளே இருந்த செம்பு ஓவனின் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கிழிசல் நீளமாக, கொக்கியால் கீறினாற்போல் இருந்தது. இன்னும் ஓரிடத்திலும் அப்படியே. வீட்டில் இருக்கிற சாதாரண டேப்பைச் சுற்றினால் அந்தச் சூட்டில் உருகிவிடும். சூடு தாங்குகிற வயர் வாங்க வேண்டும். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் சனிக்கிழமை மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிடுவார்.

“என் ஹேங்கர்தான்,” என்றார் அத்தான்.

அச்சுக்குள் மாவு மறுபடியும் எழ ஆரம்பித்திருந்தது. யார் மேல் கோபித்துக்கொள்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. வேறு யார் வீட்டிலாவது சுட்டுக்கொண்டு போய் நம்ம வீட்டு அடுப்பு என்று சொல்லலாம் என்று அக்கா யோசனை சொன்னாள். அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் ஓவன் இல்லை. இருந்திருந்தாலும் இன்னொரு பொய்க்குச் சின்னவளிடம் தெம்பு இல்லை. அவள் கையைக் கழுவினாள். அச்சை ஈரத் துணியால் போர்த்திக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எங்க போற?” என்றாள் அக்கா.

அவள் செருப்பைத் தேடினாள். அத்தான் எழுந்து, அவள் கையிலிருந்த அச்சை வாங்கிக்கொண்டார். குலுங்கினால் அமுங்கிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, தண்ணீர் நிரம்பிய பாத்திரம்போல அதை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார்.  வழியில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்தபோது அத்தான் அச்சை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பேக்கரியில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. பேக்கரிக்காரம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், உள்ளறையில், பெரிய அடுப்பின் இரும்புக் கதவு இன்னும் லேசாக அனல் வீசிக்கொண்டிருந்தது. அத்தான் அச்சை மேஜையில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றார். அவர் விரல்களில் மரச் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பேக்கரிக்காரம்மா துணியைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்த, வேகாத மாவு விளிம்புக்கு மேல் ஒரு குன்றுபோல எழுந்து நின்றது. அவள் புருவமும் கூடவே எழுந்தது. ரொட்டி எங்கே என்று கேட்டாள்.

சின்னவள் நடந்ததைச் சொன்னாள். அடிக் காயில் செத்ததையும், வயர் உள்ளே போனதையும், சட்டம் உடைந்ததையும், எதையும் கூட்டாமல் குறைக்காமல். சொல்லி முடித்தபோது மாவு அச்சின் ஒரு ஓரத்தில் மெதுவாக வழியத் தொடங்கியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

“வீட்டு அடுப்புல சுட்டதுதான் வேணும்னு சொன்னீங்க, தெரியும்,” என்றாள். “ஆனா இதுக்கு மேல இது தாங்காதும்மா. உங்க அடுப்புல இத வச்சுச் சுட்டுக்கட்டுமா?”