அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டியது

உக்குபண்டா நல்ல மனிதன்தான். கொத்மலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வெற்றிலையும் கித்துள் கருப்பட்டியும் சுமந்து வந்து தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், விற்பான். பேச்சு நீளுமே தவிர யாரையும் ஏமாற்றத் தெரியாது. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து பூரணியின் தூக்கத்தைக் கெடுக்கிற சொல் வரும் என்று யார் கண்டது?

"தங்கச்சி, கோவிச்சுக்க வேணாம்" என்றான் ஒரு ஞாயிறு, வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் கூடையை இறக்கி வைத்துவிட்டு. "நம்ம சின்ன மக மெனிக்கேக்கு இப்பதான் மூணு வயசு முடிஞ்சிச்சு. பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரே கதை. எனக்கு வேற அம்மா இருக்கா, கொழுந்துக் கூடை போடுற அம்மா, கொய்யா மரத்துக்கிட்ட லயத்துல கடைசிக் காம்பராங்குறா. ஒம் பேரு என்னான்னு கேட்டா மீனம்மாங்குறா. எங்க ஊட்டுல அந்தப் பேரு யாருக்குத் தெரியும்?"

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சோலைமலையின் கை அப்படியே நின்றது. மீனம்மா அவனுக்கும் பூரணிக்கும் பிறந்த ஒரே பிள்ளை. ஐம்பத்து நாலாம் வருசத்து மழையில், ஐந்து வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் தொட்டில் கட்டவே இல்லை. கொய்யா மரம் மட்டும் வருசா வருசம் காய்த்துத் தொலைத்தது.

"வேற என்னா சொல்லுது அண்ணே?" என்று பூரணி கேட்டாள்.

"கதவுக்குத்தான் பயம். சாத்தினா கத்துறா. ராவுலகூடத் தொறந்து வச்சிட்டுத்தான் படுக்கிறோம், பனியெல்லாம் உள்ள வருது" என்று சிரித்தான் உக்குபண்டா. "அப்புறம் அந்த அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணுமாம். என்னான்னு கேட்டா எங்ககிட்ட சொல்ல மாட்டா. அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லுவேங்குறா."

கருப்பட்டியை வாங்கிய பூரணி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்தக் காய்ச்சல் நாளில் நடந்தது அவளைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு முன் இரண்டு நாள் பிள்ளைக்காக வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். மூன்றாம் நாளும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி வாசலில் வந்து கத்திவிட்டுப் போனான். சோலைமலை விடியுமுன்பே மேல்மலைக்குப் போய்விட்டான். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். பிள்ளையோ காய்ச்சல் வேகத்தில் எழுந்து எழுந்து ஆற்றுப் பக்கம் நடந்தது. பூரணி அதைப் பாயில் கிடத்திக் கம்பளியால் மூடினாள். "கொழுந்து நிறுத்துட்டு ஓடியாந்துருவேன் கண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, வெளிக் கொண்டியைப் போட்டுவிட்டுக் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடினாள்.

மத்தியானம் வந்து கதவைத் திறந்தால் கதவு நகரவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. மெல்லத் தள்ளிப் பார்த்தபோது மீனம்மா கதவோடு கதவாகக் கிடந்தாள், விரல்கள் கதவின் அடியிடுக்கில் நுழைந்திருந்தன. பூரணி அவளைத் தூக்கிப் பாயில் போட்டாள், விரல்களைத் துடைத்தாள், கம்பளியை இழுத்து மூடினாள். பிறகுதான் வாய்விட்டு அலறினாள். கூடிய சனத்திடம், மலைக்கே போகவில்லை, மடியிலேயே மூச்சு நின்றது என்றாள். அன்றைக்குப் பேர் போட்ட கணக்கப்பிள்ளைக்கு அவள் மலைக்கு வந்தது தெரியும், ஆனால் துக்க வீட்டில் எந்தக் கணக்கப்பிள்ளை வந்து பேரேட்டை விரிக்கிறான்? அன்றிலிருந்து வெளிக் கொண்டியை அவள் தொட்டதே இல்லை. வேலைக்குப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவாள். சோலைமலைதான், மறதிக்காரி என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்து கொண்டியைப் போடுவான்.

அடுத்த ஞாயிறு உக்குபண்டா மறுபடி வந்தான். இந்த முறை ஊர் விகாரையான பன்சலைக்குப் போய்ப் பெரிய பிக்கு ஹாமதுருவிடம் கேட்டுக்கொண்டே வந்திருந்தான். "சாவுற நேரத்துல கடைசியா என்னா நெனப்பு வருதோ, அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த பொறப்பாம்" என்றான். "அப்ப மெனிக்கே எங்க மீனம்மாவேதான், இல்லியா?" என்று சோலைமலை அவசரப்பட்டான்.

"அதையும் கேட்டேன். அவளேயும் இல்ல, வேற ஆளும் இல்லைன்னாரு ஹாமதுரு. போன வாரம் கிள்ளின கொழுந்தும் இந்த வாரக் கொழுந்தும் ஒண்ணா? இல்ல. ஆனா அது வராம இது வருமா? அந்த மாதிரியாம். எதுவும் நிக்கிறதில்லையாம், நெனப்பும்தான். இந்தப் பழைய நெனப்பு ஆறு ஏழு வயசு மட்டும் இருக்கும், அப்புறம் தானா உதுந்துரும்னாரு. அதுக்குள்ள கூட்டியாந்து காட்டவா?"

சொன்னது எவ்வளவோ இருக்க, பயந்தவள் காதில் இரண்டே இரண்டுதான் விழுந்தன. ஒன்று, கடைசி நினைப்பு. அவள் மகளுடைய கடைசி நினைப்பு என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கதவு. மற்றது, ஏழு வயதில் உதிர்ந்துவிடும் என்பது. இன்னும் நாலு வருசம் தள்ளிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம்.

தள்ளினாள். முதலில் காமன் கூத்து முடியட்டும் என்றாள். பிறகு முருகனுக்கு விரதம் என்றாள். அடைமழை என்றாள், சிங்கள ஊரில் கலவரம் கிலவரம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றாள், செத்த பிள்ளையைக் கூப்பிட்டால் அது நிம்மதி இல்லாமல் அலையும் என்று அழுதாள். சோலைமலைக்கு ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனாலும் பெற்றவள் அழுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டான். உக்குபண்டாவும் வற்புறுத்தவில்லை. ஞாயிறு தோறும் வந்து, "இன்னிக்கும் கேட்டா தங்கச்சி, அம்மாகிட்டப் போவமான்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்து வைப்பான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பூரணி ஞாயிறு வந்தாலே விறகு பொறுக்கப் போய்விடுவாள்.

காட்டிலும் நிம்மதி இல்லை. மூடுபனி இறங்கினால் போதும், ஒரு சின்னப் பெண் சிங்களத்தில் கூவிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். வந்து எல்லோர் முன்னாலும் விரலை நீட்டிச் சொல்லப்போகிறது. இவதான் பூட்டிட்டுப் போனா. நான் தட்டினேன், கூப்பிட்டேன், இவ வரல. லயமே காறித் துப்பும். சோலைமலை என்ன செய்வான் என்று நினைக்கும்போது அவள் தலையிலிருந்து விறகுக் கட்டு சரிந்துவிடும்.

அறுபத்திரண்டாம் வருசம் வெசாக் பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு, விறகுக் கட்டோடு திரும்பிய பூரணியிடம் உக்குபண்டா பேச்சோடு பேச்சாக, மெனிக்கேக்கு ஏழு முடிந்துவிட்டது என்றான். பூரணி நான்கு வருசமாக அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். "இன்னும் அந்தக் கதை சொல்லுதா?" என்று கேட்டாள். "இப்பல்லாம் ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடம், பாட்டு, சண்டைதான்" என்றான் அவன்.

"அப்ப கூட்டிட்டு வாங்க அண்ணே. அவரும் ஆசப்படுறாரு" என்றாள் பூரணி.

வெசாக்குக்கு மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்தாள் மெனிக்கே. மெலிந்த கழுத்து, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. மீனம்மாவின் சாயல் ஒரு துளி இல்லை. கொய்யா மரத்தைப் பார்த்தாள், காய் இருக்கிறதா என்று மட்டும் அண்ணாந்து தேடினாள். மீனம்மாவின் பழைய சட்டையைச் சோலைமலை தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பனின் பின்னால் ஒளிந்தாள். சோலைமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி வைக்க அடுப்பங்கரைக்குப் போனான். உக்குபண்டா வெற்றிலைக் கூடையோடு பக்கத்து லயத்துக்கு நடந்தான்.

காற்று வந்து கதவைப் படாரென்று சாத்தியது. மெனிக்கே கத்தவில்லை. கதவை இழுத்துத் திறந்துகொண்டு இஸ்தோப்புக்குப் போனாள், கொண்டியைத் தூக்குவதும் போடுவதுமாக விளையாடத் தொடங்கினாள்.

தப்பித்தாயிற்று. இனி ஒருவரும் சொல்லப்போவதில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கும் என்று பூரணி காத்திருந்தாள். இறங்கவில்லை. புதிதாக ஒரு பயம் அவளைப் பிடித்தது, இத்தனை வருசம் பட்ட பயமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. கோபத்தைச் சொல்லத்தான் ஒரு பிள்ளை மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் அம்மா அம்மா என்று கேட்டுக்கொண்டே இருக்குமா? நீ ஓடி வருவேன்னு சொன்னே, அதான் கதவுகிட்டயே வந்து படுத்துக்கிட்டேன் என்று சொல்ல வந்ததோ? வேறு என்னவோ? தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, மறந்தும் போய்விட்டாள். இரண்டாம் தடவையும் கதவைச் சாத்தியது பூரணிதான்.

அவள் ஓடிப்போய்ச் சிறுமியின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்னியே கண்ணு, என்னா அது? திட்டணும்னாலும் திட்டு. சொல்லு." தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும் கேட்டாள். "கியன்ன, அம்மாட்ட கியன்ன."

மெனிக்கே அவள் முகத்தையே பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"தன்னே நே" என்றாள். தெரியாது.

பூரணி உடைந்துபோனாள். "நாந்தாண்டி கொண்டியப் போட்டேன்" என்று தமிழிலேயே கதறினாள். "ஒன்னய வச்சுப் பூட்டிட்டு மலைக்குப் போனேன். மடியில உசுரு போச்சுன்னு பொய் சொன்னேன். நீ கதவுகிட்ட கெடந்த, என் தங்கமே, கதவுகிட்ட கெடந்த…"

சிறுமிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள்.

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் சோலைமலை இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கோப்பைகளைக் கீழே வைத்தான், கதவையும் கதவின் அடியிடுக்கையும் வெகுநேரம் பார்த்தான்.

"கூப்புட்டிருப்பாளா?" என்று கேட்டான்.

அதைச் சொல்லக்கூடியவள் கொய்யா மரத்தடியில் நின்று, கையெட்டாத காய் ஒன்றுக்காகக் குதித்துக்கொண்டிருந்தாள்.