ரன்னும் பயற்றம் பணியாரமும்

கொழும்பில் கிளாக்கராக இருந்த மகன் நாகலிங்கத்தோடு சாவகச்சேரிக்குப் பெண் பார்க்க வந்த சிவக்கொழுந்து, தட்டில் வைத்த பயற்றம் பணியாரத்தைத் தொடவில்லை. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும்.

"இங்கிலீசு படிச்ச பிள்ளையாம். ரன் எண்டால் என்ன, பிள்ளை?" மகனிடம் சிவக்கொழுந்து கற்றிருந்த ஒரே இங்கிலீசுச் சொல் அது.

"ஓடுறது, மாமி," என்றாள் பெண், இராசமலர்.

வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போன கவலையில் இருந்த தாய் குணலட்சுமிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மகள் நிறுத்தவில்லை.

"கடை நடத்துறதும் ரன். சேலையிலை சாயம் போறதும் ரன். மூக்கு வடியிறதும் ரன். தேர்தலிலை நிக்கிறதையும் எங்கடை அமெரிக்க மிசன் பள்ளிக்கூடத்து ரீச்சர் ரன் எண்டுதான் சொல்லுவா."

"ஓடுறதும் நிக்கிறதும் ஒண்டோ?" சிவக்கொழுந்து திகைத்துப்போனாள்.

"மலர், வாயை மூடு," என்றாள் குணலட்சுமி.

"மூட வேண்டாம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சொல்லுறவள், நான் ஒண்டு சொன்னால் எத்தினை சொல்லுவாள்? எழும்பு தம்பி, போவம்," என்று மகனிடம் சொல்லி எழுந்தாள் சிவக்கொழுந்து.

நாகலிங்கம் எழும்பவில்லை. ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தான்.

இராசமலர் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னடா செய்து போட்டாய்?" என்று கேட்டாள் சிவக்கொழுந்து.

"சாப்பிடுறன், அம்மா." அவன் இராசமலரைப் பார்த்தான். "ரன்னுக்கு இன்னும் இருக்கோ?"

"ஓம், கனக்க இருக்கு."

அவன் இன்னொரு பணியாரத்தை எடுத்தான். எழுந்து நின்ற சிவக்கொழுந்து மெல்ல மறுபடியும் உட்கார்ந்தாள்.