அழைப்பு மணி: உள்ளது

முதியோர் இல்லத்தின் பதினேழாம் அறையில் அமுக்கிய அழைப்பு மணி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆய்வாளரின் வீட்டுச் சமையலறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் தடவையாக அடித்தது. பாத்திரம் கவிழ்க்கும் தட்டுக்கு மேலே, சுவரில் ஆணிகூட இல்லாத இடத்திலிருந்து சத்தம் வந்தது. ஆய்வாளரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "பதினேழு" என்றாள். எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். போனில் தெரிந்தவர் குரல் தெரிவதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான் என்பாள். பத்தே காலுக்கு மூன்று அடித்தது, பிறகு இருபத்திரண்டு, பிறகு மறுபடி பதினேழு. கூடத்தில் மேசையருகே உட்கார்ந்திருந்த ஆய்வாளருக்கு அது எந்தப் பதினேழு என்று உடனே புரிந்தது. முந்தின நாள் போய்ப் பார்த்த இல்லத்தின் அறிக்கையில் அப்போதுதான் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார், மை காயவில்லை.

ஆய்வாளர் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த இல்லத்தைப் பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை அவர்தான் சோதித்தார். பத்து நாள் முன்னதாகவே கடிதம் போகும். அவர் வருகிற அன்று வராந்தா முழுக்க பினாயில் வாசனை தூக்கும், தீயணைப்புக் கருவியில் புது அட்டை தொங்கும், நிர்வாகி அம்மா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்பார். அலுவலகத்தை ஒட்டிய முதல் அறையில் நிர்வாகி அம்மாவே பொத்தானை அமுக்கிக் காட்டுவார்; வராந்தாப் பலகையில் மணி கணீரென்று அடிக்கும், உதவியாளர் ஒருவர் ஓடி வருவார். மற்ற அறைகளை ஆய்வாளர் வாசலில் நின்றபடி எட்டிப் பார்ப்பார். படிவத்தில் கேள்வி 'அழைப்பு மணி உள்ளதா?' என்றுதான் இருந்தது. அடிக்கிறதா என்று கேட்கவில்லை. அடித்தால் யாராவது வருகிறார்களா என்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் வெள்ளைப் பொத்தான் தொங்கியது, ஆகவே முதல் அறைக்கு நேரே 'உள்ளது' என்று எழுதி, மற்ற இருபத்து மூன்றுக்கும் 'மேற்படி', 'மேற்படி' என்று இழுத்துவிடுவார். குளியலறைக் கைப்பிடிக் கம்பிக்கும் மேற்படி, மருந்து அலமாரிப் பூட்டுக்கும் மேற்படி. ஒரு மணி பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார்.

பதினோராவது ஆய்வுக்கு நான்கு மாதம் முன்னால் அவருடைய அக்கா அந்த இல்லத்தில் சேர்ந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அவள். பள்ளி மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். ஒவ்வொரு பாடத்தின் மேலும் விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள். நேரமாச்சு என்று குதித்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். இடுப்பெலும்பு முறிந்து, தம்பியின் மாடிவீட்டுக்கு இனி ஏற முடியாது என்று ஆனபோது இடத்தை அவளே சொன்னாள். "நீ பாத்துக் கையெழுத்துப் போட்ட எடம்தானேடா? அப்புறம் எனக்கென்ன யோசனை?" என்றாள். ஆய்வாளர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பத்து வருடத்தையும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டும். அக்காவுக்கு ஒன்பதாம் அறை கொடுத்தார்கள்.

அந்த வருட ஆய்வில் ஒன்பதாம் அறை வாசலுக்கு வந்தபோது, நிர்வாகி அம்மா பக்கத்தில் நின்றதால், எல்லோரிடமும் கேட்பதுபோலவே அவர் கேட்டார்: "என்னம்மா, உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?" அக்கா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஒரு குறையும் இல்லீங்க சார்" என்றாள். அவர் மேற்படி போட்டுவிட்டுப் பத்தாம் அறைக்கு நகர்ந்தார். அந்த 'சார்' வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காதில் குடைந்தது. மறுநாள் மணிகள் அடிக்கத் தொடங்கின.

முதலில் மின்பணியாளரை வரவழைத்தார்கள். அவர் சமையலறைச் சுவரைக் கொத்திப் பார்த்துவிட்டு, ஒயரே இல்லாமல் அடிக்கிற மணியை நிறுத்த ஒயர்க்காரன் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். காது டாக்டர் வீட்டுக்கே வந்து, தானும் பதினான்காம் அறையைத் தெளிவாகக் கேட்டு, எல்லோருக்கும் காது நன்றாக இருப்பதாகச் சொன்னார். மனைவியின் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கினார்கள். மணி அந்தச் சமையலறைக்கு வந்தது, தங்கை நாசூக்காகப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். திரும்பி வந்த பிறகு அக்கம்பக்கத்தாருக்குப் பழகிவிட்டது. காலை ஆறரைக்கு இருபது அறைகள் ஒன்றாக அடிக்கும், கழிப்பறைக்குப் போக வேண்டிய நேரம் அது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார். மனைவி நாள்காட்டியின் பின்பக்கத்தில் எண்ணையும் நேரத்தையும் குறித்து, இல்லத்துக்குப் போன் செய்வாள். "பாக்கிறோம்மா" என்பார்கள். அந்த மணி அரைமணி நேரம் தொடர்ந்து அடித்து, அமுக்கிய கை களைத்து, தானாக ஓயும்.

ஐந்து மாதம் ஆய்வாளர் இப்படியே ஓட்டினார். போய்ப் பார்க்காமல் இருக்க ஒரு நல்ல காரணம் வைத்திருந்தார்: ஒன்பது மட்டும் ஒரு தடவைகூட அடித்ததில்லை. மனைவிதான் அதை முதலில் கவனித்துச் சொன்னாள். "பாத்தியா, அக்காவை நல்லாப் பாத்துக்கறாங்க. நம்ம ஆளுன்னு தெரியுமில்ல" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குத் தலை வாரி, துவைத்த துணி உடுத்தி, சக்கர நாற்காலியில் பார்வையாளர் கூடத்துக்குத் தள்ளி வருவார்கள். அவளும் எனக்கென்ன என்று சிரிப்பாள். அறைப்பக்கம் அவர் போனதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை நான்காம் அறை நாற்பது நிமிடம் விடாமல் அடித்தது, பிறகு பாதி மணியில் பட்டென்று நின்றது. மனைவி அடுப்பை அணைத்தாள். கணவரின் செருப்பை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டு, "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். கடிதம் போடாமல், பினாயில் வாசனை இல்லாமல், அந்தக் கட்டடத்துக்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை. நான்காம் அறைக்காரர் பழைய பஸ் நடத்துநர். கூப்பிட்டுப் பார்த்து யாரும் வராமல் தானே எழுந்து போய், குளியலறையில் சுவருக்கும் வாளிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது, கையில் கைப்பிடிக் கம்பி இருந்தது. "நீங்க எழுதிட்டுப் போன கம்பிதான் சார். பிடிச்சேன், கூடவே வந்துடுச்சு" என்றார், கிண்டல் இல்லாமல். வராந்தாப் பலகையின் பின்னால் இருபத்து மூன்று ஒயர்கள் நறுக்கப்பட்டு, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு வைக்கப்பட்டிருந்தன. இரண்டே உதவியாளர்களை வைத்துக்கொண்டு நாளெல்லாம் மணிச் சத்தம் கேட்டால் தலை வெடித்துவிடும் என்று நிர்வாகி அம்மா எப்போதோ நறுக்கச் சொன்னாராம்.

நடத்துநரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதாம் அறைக்குள் போனார். வாசலில் நிற்காமல் உள்ளே போனார். தண்ணீர்க் கூஜா கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. விரிப்பு ஈரமாக இருந்தது. மணி ஒன்பதரைதான்; கட்டில் கால்மாட்டு அட்டையில், மத்தியானம் இரண்டு மணிக்கு அவளைப் புரட்டிப் படுக்க வைத்ததாக ஏற்கெனவே எழுதியிருந்தது. அவளைப் புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அழைப்புப் பொத்தானைக் கைக்குட்டையால் சுற்றி, அவிழாத முடிச்சாகப் போட்டு, தலையணைக்கு அடியில் செருகியிருந்தாள். சேர்ந்த முதல் வாரம் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு தூக்கத்தில்கூடக் கை படக்கூடாது என்று கட்டிவிட்டாளாம். ஏன் என்று கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனாலும் கேட்டார்.

"நான் அமுக்கி, யாரும் வரலைன்னு வெளியில தெரிஞ்சா, நீ போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆயிடும்லடா" என்றாள் அக்கா.

ஐம்பத்தாறு வயது ஆள் அந்த ஈர விரிப்பின் ஓரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவமானம் என்ற வார்த்தையை அதுவரை எத்தனையோ சில்லறைக் காரியங்களுக்கு வீணாக்கியிருந்தார் என்பது அப்போது தெரிந்தது. வீட்டுக்கு வந்துவிடு, படியில் நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். அக்கா மறுத்துவிட்டாள். "நான் வந்துட்டா நீ அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டே. முதல்ல தண்ணி குடு" என்றாள்.

அன்றைக்கே அவர் புது அறிக்கை எழுதினார். இருபத்து நான்கு அறைக்கும் தனித்தனியாக எழுதினார், மேற்படி போடவில்லை. 'அழைப்பு மணி: உள்ளது. அடிக்கும் இடம்: ஆய்வாளர் வீட்டுச் சமையலறை. வருபவர்: எவருமில்லை.' கடைசியில், முந்தைய பதினோரு அறிக்கைகளும் தான் பார்க்காமல் எழுதியவை என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். மேலிடத்துத் தலைமை எழுத்தர் கோப்பைத் திருப்பி அனுப்பினார்: மேற்படி சமையலறை உரிமம் பெற்ற கட்டடத்தின் எல்லைக்குள் வருகிறதா எனத் தெளிவுபடுத்தவும். வரவில்லை என்று தெளிவுபடுத்தினார். அதற்குப் பிறகு காரியங்கள் நடந்தன. நிர்வாகி அம்மா போனார், வேறொருவர் வந்தார், உதவியாளர்கள் ஒன்பது பேர் ஆனார்கள், ஒயர்கள் சேர்க்கப்பட்டன, ஆய்வாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இல்லத்தில் அம்மாவையோ அப்பாவையோ விட்டிருந்தவர்கள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் திட்டவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் அன்றிலிருந்து குனிந்தே நடந்தார்.

மணிகள் இப்போது வராந்தாவில் அடித்தன, சமையலறையிலும் அடித்தன. மின்பணியாளர் இரண்டாவது தடவை வர மறுத்துவிட்டார். பழைய ஆய்வாளர் தினமும் காலை இல்லத்துக்குப் போய் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், கூஜாவை நகர்த்திக் கொடுப்பார், நடத்துநரோடு நடப்பார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகு ஏதாவது எண் கூடுதல் நேரம் அடித்தால் மறுபடி போவார். இப்படி இரண்டு வருடம் போயிற்று. அக்காவின் புண் ஆறியது. கைக்குட்டையை அவர் அன்றே கத்தரித்து எடுத்திருந்தார். ஆனாலும் ஒன்பது மட்டும் அடிக்கவில்லை. வேண்டியதை உதவியாளர்களிடம் வாயால் கேட்டுக்கொண்டாளே தவிர, பொத்தானை அவள் தொடவில்லை. அது என்ன கணக்கு என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவளிடம் பேச அவருக்கு முகம் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரு மாலை நான்கு மணிக்குச் சமையலறையில், அதுவரை கேட்டிராத ஒரு மணி அடித்தது. மனைவி நிமிர்ந்து, "ஒன்பது" என்றாள். அவர் ஒரு கால் தன் செருப்பிலும் ஒரு கால் மனைவியின் செருப்பிலுமாக ஓடினார். போய்ச் சேர்ந்தபோது உதவியாளர் ஒருத்தி ஏற்கெனவே அறையில் நின்றிருந்தாள். அக்கா பொத்தானில் விரலை வைத்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ ரெண்டு நிமிஷம். நீ பதினோரு நிமிஷம்" என்றாள்.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். பாக்கணும்னு தோணுச்சு, பாத்தேன்." வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை உள்ளே வரச் சொல்லி, குனியச் சொல்லி, நரைத்த மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். "இப்ப எழுதிக்கோ. உள்ளதுன்னு" என்றாள்.

எழுத அவரிடம் படிவமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அடுத்த வருடம் அக்கா காலமானாள். ஒன்பதாம் அறைக்கு இப்போது ஒரு தையல்காரர் வந்திருக்கிறார், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அமுக்குகிறார், பெரும்பாலும் சன்னலைத் திறக்க அல்லது மூட. அந்த வீட்டில் மணி அடித்தால் மனைவி எண்ணைச் சொல்வாள், அவர் செருப்பைத் தேடுவார்.