ஹார்ட்லி பங்களாவுக்கு மஞ்சள் குங்குமம்

சாம்பார் வாசனை ஒரு வாரமானாலும் போகவில்லை என்று சொல்லி, வாடகை ஹால்காரர் தமிழ்ச் சங்கத்தைக் கழற்றிவிட்டார். எண்பத்து மூன்று டிசம்பர். பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஊரான ஐசலினுக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஹார்ட்லி பங்களாவைக் கண்டுபிடித்ததும், கேட்டை ஒட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்த மிஸ் ஹார்ட்லியிடம் நயமாகப் பேசி லீஸுக்குச் சம்மதிக்க வைத்ததும் சங்கத்துக் காமாக்ஷிதான். அந்தப் பெருமையை லேசில் விடுகிறவளும் இல்லை அவள்.

இங்கிலாந்திலிருந்து வந்த மில் முதலாளி, மிஸ் ஹார்ட்லியின் அப்பா, தன் ஊர்ப் பண்ணை பங்களாக்களைப் போலவே கட்டியது அது. சனிக்கிழமை காலை, அந்தம்மா கையெழுத்துப் போட வருவதற்குள், காமாக்ஷி கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வாசல் நிலைக்குப் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். புது இடத்தில் அது இல்லாமல் காலெடுத்து வைப்பதா?

"ஏண்டி, லீஸே இன்னும் சைன் ஆகலை! யார் ஆத்து வாசல்னு நெனச்சே?" கணவர் ஜம்புநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புடவைத் தலைப்பால் தேய்த்தாள். மஞ்சளா போகும்? இன்னும் ஈஷிக்கொண்டது. இந்த இடமும் போனால் பொங்கலை யார் வீட்டு பேஸ்மென்ட்டில் வைப்பது?

மிஸ் ஹார்ட்லி கைத்தடியோடு வந்து, நிலையை மேலும் கீழும் பார்த்தார். காமாக்ஷிக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

"சாரி... வெரி சாரி" என்றாள்.

கிழவி உள்ளே போய், அதே நிலையின் உட்பக்கத்தைத் தடியால் தொட்டுக் காட்டினார். கத்திக் கீறல்கள். "நானும் என் தம்பியும் வளர்ந்த உயரம்" என்றார் ஆங்கிலத்தில். அதற்கு மேலே, பங்களா யுத்தகால ஆஸ்பத்திரியாக இருந்தபோது சிப்பாய்கள் செதுக்கிய பெயர்கள். பிறகு அது பெண்கள் பள்ளிக்கூடமாம். அந்தக் குட்டிகள் காதலன் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியாக முதியோர் இல்லம். சக்கர நாற்காலிகள் உரசிய தடம் கீழே கறுத்துக் கிடந்தது.

"அப்புறம் ஒரு கீறல் போடக்கூட ஆளில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை."

அங்கேயே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காமாக்ஷிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ" என்றார் ஜம்புநாதன். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

படியிறங்கிய மிஸ் ஹார்ட்லி திரும்பினார். "அந்தக் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதா? என் வீட்டு வாசலும் வெறுமையாகத்தான் கிடக்கிறது."

காமாக்ஷி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல், பனியில் அவர் பின்னாலேயே ஓடினாள்.